டேங்குக்குப் பின்னால் இருந்த போல்ட்

அந்தப் போல்ட்டைப் பற்றி நான் வாயைத் திறந்தாலே எங்கள் தெருப் பெண்கள் "ஆரம்பிச்சிட்டாடி" என்று எழுந்துவிடுவார்கள். போகட்டும், எனக்கென்ன? சொல்லிச் சொல்லி எனக்கு இன்னும் அலுக்கவில்லை. காரைக்கால் பக்கத்துப் பட்டினச்சேரியிலிருந்து மீனை ஏற்றிக்கொண்டு, நானே வண்டி ஓட்டிப்போய் விற்கிறவள். அந்தப் பழைய பிக்கப் இன்றைக்கும் என் வாசலில் நிற்கிறது என்றால் அது சும்மா நிற்கவில்லை. ஒரு பகல் முழுக்க அதன் அடியில் மல்லாந்து கிடந்து நானும் என் வீட்டுக்காரரும் மீட்டது. இதைச் சொல்லாமல் வேறு எதைச் சொல்வது?

வண்டி வாங்குவதற்கு முன்னால் நான் பஸ்ஸில்தான் போய்வந்தேன். தலையில் அலுமினிய அன்னக்கூடை, அதற்குள் ஐஸ், ஐஸுக்கு நடுவில் மீன். நிறுத்தத்தில் என் கூடையைக் கண்டால் பஸ் தள்ளிப்போய் நிற்கும். நான் ஓடிப்போய்ச் சேர்வதற்குள் விசில் ஊதிவிடுவார்கள். "அடுத்த பஸ்ல வா" என்பார்கள். அடுத்த பஸ்காரரும் அதையேதான் சொல்வார்.

ஒரு தடவை எப்படியோ ஏறிவிட்டேன். அம்பகரத்தூர் போகிற வழியில் ஒரு அம்மா முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு கண்டக்டரைப் பார்த்தார். ஒரே ஒரு பார்வைதான். சுற்றிலும் வயல், ஒரு மரம்கூடக் கிடையாது. அங்கே பஸ் நின்றது. "எறங்கும்மா, மத்தவங்க வரவேணாமா?" என்றார் கண்டக்டர். டிக்கெட் என் கையில் இருந்தது. கூடையை அவரே எடுத்து ரோட்டோரம் வைத்தார், அதுவும் விரல் நுனியால். மீன் குழம்பு மட்டும் மணக்குமாம், மீன்காரி மட்டும் நாறுவாளாம்! கொதிக்கிற வெயிலில், உருகிய ஐஸ் தண்ணீர் கழுத்தில் வழிய, பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன். அடுத்த வருஷம் வளையலை விற்று இந்த வண்டியை வாங்கினேன். அப்போதே அது பழைய வண்டி. ஓட்டக் கற்றுக்கொண்டேன், லைசென்ஸ் எடுத்தேன். அதற்குப் பிறகு நெரவியிலும் அம்பகரத்தூரிலும் என் ஹாரன் சத்தம் கேட்டுத்தான் பல வீடுகளில் புளி கரைப்பார்கள்.

இந்த வருஷம் மீன்பிடித் தடைக்காலம் முடிகிற சமயத்தில் அந்த வண்டிக்குக் கேடு வந்தது. தடைக்காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. மீன் இல்லாததால் நான் கிடைத்ததை ஏற்றி ஓட்டிக்கொண்டிருப்பேன். அன்றைக்கு நெரவியில் வைக்கோல் ஏற்றினேன். படகு வேலைக்குப் போகிற என் வீட்டுக்காரர் சும்மா இருந்ததால் கூடவே வந்திருந்தார். வாய்க்கால் பாலத்தில் ஏறும்போது அடியில் 'டமார்' என்று ஒரு சத்தம். வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து வாய்க்காலைப் பார்த்து இழுத்தது. எப்படிப் பிரேக் போட்டேன் என்று எனக்கே தெரியாது. இறங்கிப் பார்த்தால் கமான் பட்டை உடைந்து கிடக்கிறது. வில் மாதிரி வளைந்த இரும்புப் பட்டைகளை அடுக்கி வண்டியின் கனத்தைத் தாங்கவைத்திருப்பார்களே, அதுதான். அதில் மேல்பட்டை இரண்டாகப் போயிருந்தது. புயலில் கடலைப் பார்த்த மனுஷன், பாலத்துக் கட்டையில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சாய்ந்த பக்கத்துக்குக் கட்டை கொடுத்து, கயிற்றால் வரிந்து கட்டி, ஆமை வேகத்தில் காரைக்கால் பட்டறைக்குக் கொண்டுபோனோம். அங்கே ஒரு மெக்கானிக் தம்பி, நல்ல பிள்ளை. அடியில் படுத்து, நகத்தால் எதையோ சுரண்டிப் பார்த்தான். பிறகு, "என்னக்கா இது, அடியெல்லாம் பெயிண்ட்டு? யாரு அடிச்சது?" என்றான்.

என் வீட்டுக்காரர் உடனே வானத்தைப் பார்த்தார்.

யார் அடித்தது என்று கேட்க வேண்டுமா? தடைக்காலம் வந்தால் எங்கள் பக்கம் படகுகளுக்கெல்லாம் பெயிண்ட் அடிப்பார்கள். டின்னில் மிச்சம் இருந்துவிட்டால் இவருக்குக் கை சும்மா இருக்காது. தண்ணீர் டிரம்முக்கு அடிப்பார், கட்டில் காலுக்கு அடிப்பார், கோழிக்கூண்டுக்கு அடிப்பார். மிச்சத்தை வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு போல்ட், நட் எதையும் விடாமல் கெட்டியாக அப்புவார். "உப்புத் தண்ணி ஏறாது புள்ள, போட்டுக்கே இதானே அடிக்கிறோம்" என்பார். வருஷம் பூராவும் மீன் தண்ணீர் ஒழுகி ஊறிய இரும்பு அது. நல்ல தண்ணீர் விட்டுக் கழுவாமல் மேலே பெயிண்ட் அடித்தால் என்ன ஆகும்? உப்பை உள்ளே வைத்துப் பூட்டின மாதிரிதான். படகுக்காரன் வண்டி வைத்திருந்தால் இப்படித்தான்.

மெக்கானிக் தம்பி விளக்கமாகச் சொன்னான். பின்பக்கத்துப் போல்ட்டுகளைக் கழற்றிவிடலாம். முன்பக்கத்தில் பட்டையின் நுனியை வண்டியின் அடிச்சட்டத்தோடு, அதாவது சேஸோடு, பிடித்திருப்பது ஒரே ஒரு நீளப் போல்ட். அதன் நட் வெளிப்பக்கம் இருக்கிறது. தலையோ உள்பக்கம், டீசல் டேங்கைப் பார்த்துக்கொண்டு இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் சந்தில் அவன் கை நுழையவில்லை. உள்ளே தலையைப் பிடிக்காமல் வெளியே நட்டைத் திருப்பினால் போல்ட்டும் சேர்ந்தே சுற்றும்.

"கேஸ் நெருப்ப வச்சி அறுக்கலாம். ஆனா பக்கத்துல டேங்கு, நான் மாட்டேன்க்கா. டேங்க எறக்கலாம்னா, அதைப் புடிச்சிருக்கிற பட்டியத் தொட்டா உதிர்ந்துடும். இந்த வயசு வண்டிக்கு இவ்வளவு மெனக்கெடணுமா?"

அந்தக் கேள்வியே போதும் என் வீட்டுக்காரருக்கு. பழைய இரும்பு எடுக்கிறவருக்குப் போனைப் போட்டு, தடைக்காலம் முடிகிற கடைசி நாள் சாயங்காலம் வந்து வண்டியைத் தூக்கிக்கொள்ளச் சொல்லிவிட்டார். வண்டியை அதே கட்டோடு வீட்டு வாசலுக்கு ஓட்டிவந்த பிறகுதான் என்னிடம் சொன்னார். சொன்னவர் அதோடு விட்டிருக்கலாம்.

"கொஞ்ச நாளைக்கு பஸ்லயே போயேன்" என்றார்.

வந்ததே கோபம்! கையில் இருந்த சட்டியை நங்கென்று வைத்தேன். "நான் செத்தாலும் பஸ்ல போவமாட்டேன். போல்ட்டக் கழட்டுறேன். கழட்டலன்னா அந்தாளு சாயங்காலம் வண்டியத் தூக்கிட்டுப் போகட்டும். அதுவரைக்கும் யாரும் வாயத் தொறக்கக் கூடாது" என்றேன். மெக்கானிக் தம்பிக்கு நானே போன் செய்தேன். "கையே நுழையாத எடத்துல ஸ்பேனர் எப்படிக்கா?" என்றான். "உன் கைதான் நுழையல. என் கையப் பாத்தியா?" என்றேன். சிரித்தான். ஆனாலும் ஒரு பழைய ரிங் ஸ்பேனரின் காம்பை அறுத்துக் குட்டையாக்கி, கூட ஒரு நீளப் பைப்பும் புதுப் போல்ட்டும் கொடுத்தனுப்பினான். போல்ட் வெளியே வந்தால் புதுப் பட்டையோடு தானே வந்து மாட்டித்தருவதாகவும் சொன்னான்.

முந்தின நாளே நட்டைச் சுற்றி டீசலும் கழிவு ஆயிலும் ஊறவைத்த துணியைக் கட்டிவிட்டேன். மறுநாள், தடைக்காலத்தின் கடைசி நாள், விடிந்ததும் வாசல் பூவரசு மரத்தடியில் வேலையை ஆரம்பித்தோம். கடற்கரை மணலில் ஜாக்கி வைத்தால் வண்டி ஏறுவதற்குப் பதில் ஜாக்கிதான் இறங்கும். அதனால் உடைந்த படகுப் பலகையை அடியில் போட்டுத் தூக்கினோம். சேஸுக்குக் கீழே இரண்டு பக்கமும் மரக்கட்டையை முட்டுக் கொடுத்தார் அவர். ஒவ்வொரு கட்டையையும் உதைத்து உதைத்துப் பார்த்தபிறகுதான் என்னை உள்ளே விட்டார். பின்பக்கத்துப் போல்ட்டுகள் முனகிக்கொண்டே வந்துவிட்டன.

முன்பக்கத்து நட்டில் ஸ்பேனர் உட்காரவே இல்லை. அவ்வளவு பெயிண்ட். மீன் செதிள் உரசுகிற கத்தியை எடுத்துச் சுரண்டினேன். மேலே நீலம். அதற்குக் கீழே பச்சை. அதற்கும் கீழே சிவப்பு. ஒவ்வொரு நிறம் உதிரும்போதும் ஒவ்வொரு வருஷத்துத் தடைக்காலத்தையும் சொல்லித் திட்டினேன். "இது அந்தப் பச்ச டிரம்மு வருஷந்தானே? ஐயோ, இன்னும் ஒண்ணு இருக்குங்க! ஏன், பூ படம் போடலையா?" பெயிண்ட் சில்லுகள் கண்ணிலும் வாயிலும் விழுந்தன. மேற்கேயிருந்து வீசுகிற கச்சான் காற்று வேறு மணலை வாரி அடித்தது. அவர் பக்கத்தில் குந்திக்கொண்டு உதிர்ந்த சில்லுகளைக் கையால் ஒதுக்கிக்கொண்டிருந்தார்.

கடைசி நிறமும் உதிர்ந்தபோது நான் திட்டுவதை நிறுத்தினேன். நட்டின் ஆறு முனையும் கடையில் வாங்கினது போல அப்படியே கூர்மையாக இருந்தன. சுற்றிலும் துரு தின்றிருந்தாலும் நட்டின் மேல்பக்கத்தை அந்தப் பெயிண்ட் காப்பாற்றி வைத்திருந்தது. ஸ்பேனர் கச்சிதமாகப் போய் உட்கார்ந்தது. நான் கண்டுகொள்ளாமல் ஸ்பேனரை ஆட்டிப் பார்த்தேன். அவர் விடுவாரா?

"பாத்தியா?" என்றார்.

"பாத்தேன், பாத்தேன். டார்ச்சப் புடிங்க."

உள்பக்கத்துத் தலையில் அந்த அதிர்ஷ்டம் இல்லை. பிரஷ் எட்டாத இடம் அது. செல்போனைச் சந்தில் நுழைத்துப் படம் எடுத்துப் பார்த்தார். துருக்கட்டி ஒன்றுதான் தெரிந்தது. "முனையே இல்ல புள்ள. வுட்டுடலாம்" என்றார். நான் விடவில்லை. கையில் எண்ணெயைத் தடவிக்கொண்டு டேங்குக்கும் சேஸுக்கும் நடுவில் விட்டேன். தோல் உரிந்தது, ஆனால் கை உள்ளே போனது. நான் எத்தனை வருஷமாக மீன் கழுவுகிறவள்! செவுளுக்குள் விரலை விட்டு, கண்ணால் பார்க்காமலே, எது குடல், எது முட்டை என்று பிரித்து எடுக்கிற கை இது. வீட்டு அம்மாக்களோடு வம்பு பேசிக்கொண்டே செய்வேன். போல்ட்டின் தலையைத் தடவினேன். இரண்டு முனை மழுங்கியிருந்தது. மற்ற பக்கத்துத் துருவை நகத்தால் பெயர்த்ததும் முனை கிடைத்தது. குட்டை ஸ்பேனரை உள்ளங்கையில் மறைத்துக் கொண்டுபோய், முனை பார்த்துத் திருப்பி மாட்டினேன். 'க்ளிக்' என்று உட்கார்ந்தது.

"புடிச்சிட்டேன். பைப்பப் போட்டு இழுங்க."

இழுத்தார். அதற்குப் பெயர் இழுப்பா? தொட்டில் ஆட்டுகிற மாதிரி இழுத்தார். நட் அசையவில்லை.

"வலை இழுக்குற ஆளுதானே நீங்க? காலையில சோறு போட்டனா இல்லையா?"

"வலைக்குள்ள ஒன் கை இல்லையே புள்ள" என்றார்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஸ்பேனர் நழுவினால் என் விரல்கள் சேஸோடு நசுங்கிவிடும். அவர் பைப்பைக் கீழே வைத்துவிட்டு வண்டிக்கடியில் குனிந்து என்னைப் பார்த்தார். "வண்டி போனா போவுது. பாலத்துல அன்னைக்குச் சாஞ்சப்பவே எனக்கு பாதி உசுரு போயிட்டு. நீ கைய எடு. எடுத்துடு சொல்றேன்."

எனக்கு அவர் மேல் இருந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. இந்த மனுஷன் வண்டியை விற்கச் சொன்னது இதற்குத்தானா? ஆனால் கையை நான் எடுக்கவில்லை. படுத்தபடியே, அதுவரைக்கும் அவரிடம் சொல்லாத ஒன்றைச் சொன்னேன். பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும். வயலுக்கு நடுவில் இறக்கிவிட்டது தெரியாது. கடலில் இருக்கிற ஆளிடம் இதையெல்லாம் எதற்குச் சொல்ல வேண்டும் என்று விட்டிருந்தேன். அந்த அம்மா மூக்கை மூடியதையும், கண்டக்டர் விரல் நுனியால் கூடையைத் தூக்கியதையும், நான் வெயிலில் நடந்ததையும் சொன்னேன்.

"அன்னைக்கு என் கை ரெண்டும் நல்லாத்தான் இருந்துச்சு. என்னா பண்ண முடிஞ்சுது அத வச்சி? இப்ப இந்தக் கை எட்டுதுங்க. இழுங்க."

அவர் எழுந்து பைப்பை எடுத்தார். கொஞ்ச நேரம் அவருடைய கால்கள் மட்டும் எனக்குத் தெரிந்தன. பிறகு குதிகால் இரண்டும் மணலில் புதைந்தன. "நல்லா இறுக்கிப் புடி" என்று ஒரு குரல். அது வலை இழுக்கும்போது வருகிற குரல்.

'டொக்!'

துப்பாக்கி வெடித்ததுபோல ஒரு சத்தம். ஸ்பேனர் என் உள்ளங்கையில் ஒரு உதை உதைத்தது. வலி தோள் வரைக்கும் ஏறியது.

"கை?" என்றார்.

"இருக்கு."

"போல்ட்டு ஒடைஞ்சிட்டா?"

"பைப்ப அசைச்சிப் பாருங்க."

அசைத்தார். "சுத்துதுடி!" என்று கத்தினார். "சுத்துதுடி, சுத்துது!" நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக் கோழிகள் எல்லாம் சிதறி ஓடின. யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று அடுத்த தெருவிலிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள். வந்தவர்களிடம் அந்த நட்டைக் கழற்றிக் காட்டினேன். பைத்தியம் என்று நினைத்துத் திரும்பிப் போனார்கள்.

அதோடு முடிந்ததா? இல்லை. வெளியிலிருந்து சுத்தியலால் தட்டினால் போல்ட் விரல் கனம் உள்ளே நகர்ந்து டேங்கில் முட்டிக்கொண்டு நின்றது. டேங்கை மாட்டுவதற்கு முன்னாலேயே இந்தப் போல்ட்டை உள்ளிருந்து போட்டுவிட்டான் எந்தப் புண்ணியவானோ. கழற்றுகிறவளைப் பற்றி அவனுக்கு என்ன கவலை? அந்தப் பக்கமும் வராது, தலை இருப்பதால் இந்தப் பக்கமும் வராது. நான் உட்கார்ந்து சபிக்க ஆரம்பித்தேன். இப்போது அவருக்குத்தான் ஆவேசம் வந்துவிட்டது. "தலைதானே தடுக்குது? தலைய எடுத்துடுவோம்" என்றார். நகர்ந்ததால் தலைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன இடைவெளி கிடைத்திருந்தது. ஹாக்ஸா பிளேடின் ஒரு முனையில் துணியைச் சுற்றி என் கையில் கொடுத்தார். அறுத்தேன். அரை அங்குலம் இழுப்பு, அரை அங்குலம் தள்ளு, இப்படியே மதியம் ஆகிவிட்டது. பிளேடு உடைந்தது, வேறு பிளேடு கொடுத்தார். தண்ணீரை என் வாயில் அவரே ஊற்றினார். கடைசியில் தலை அறுந்து மணலில் விழுந்தது.

மிச்சப் போல்ட்டையும் துரு விடவில்லை. படகு இன்ஜினில் இறுகிப்போன சாமானைப் படகுக்காரர்கள் எப்படிக் கழற்றுவார்களோ அப்படியே செய்தார். வெளிப்பக்கம் நீட்டிக்கொண்டிருந்த போல்ட்டின் மேல் ஒரு சின்னக் குழாய்த் துண்டைச் செருகி, அதன் மேல் நட்டை மறுபடி மாட்டி முறுக்கினார். முறுக்க முறுக்க நட் குழாயில் முட்டிக்கொண்டு போல்ட்டை வெளியே இழுத்தது. கிறீச் கிறீச் என்று அழுதுகொண்டே நூலளவு நூலளவாக வந்தது. நீளமான குழாய் போட்டு மறுபடி முறுக்கினார். வந்தேவிட்டது. சூடாக, பாதி கறுப்பும் பாதி துருவுமாக என் மடியில் விழுந்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு நான் அழுதேன். சந்தோஷத்தில்தான். அவர் என் உரிந்த கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து ஊதிக்கொண்டிருந்தார்.

புதுப் பட்டையோடு வந்த மெக்கானிக் தம்பி போல்ட்டைப் பார்த்துவிட்டுத் தன் வண்டியிலிருந்து இறங்கவே மறந்துபோனான். "யாருக்கா எடுத்தா?" என்றான். "உன் அண்ணனும் நானுந்தான். வேற யாரு?" என்றேன். புதுப் போல்ட்டை மட்டும் நான் சொன்னபடி மாட்டச் சொன்னேன். தலை வெளியே, நட் உள்ளே. என் கை எட்டுகிற பக்கம் நட் இருந்துவிட்டுப் போகட்டும், போல்ட் வெளியே வருவதை இனி எந்த டேங்கும் தடுக்காது. அவன் யோசித்துப் பார்த்துவிட்டு, "சரியாத்தான்க்கா இருக்கு" என்றான்.

இரும்பு எடுக்கிறவர் சொன்னபடி சாயங்காலம் வந்தார். வண்டி நாலு சக்கரத்திலும் நிமிர்ந்து நின்றது. அவர் வண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் வீட்டுக்காரரைப் பார்த்தார். "என்னாங்க, வரச் சொன்னீங்களே?" என்றார். "ஒங்கள வெறுங்கையோட அனுப்புவமா?" என்று டீ கொடுத்து, உடைந்த பழைய பட்டையையும் தலை போன போல்ட்டையும் ஒரு சாக்கில் போட்டு நீட்டினேன். நல்ல மனுஷன். சிரித்துவிட்டு வாங்கிக்கொண்டார்.

படகுகள் கடலுக்குப் போயின. முதல் மீன் வந்த காலையில் துறைமுகத்தில் என் வண்டிதான் முன்னால் நின்றது. சங்கராவும் கானாங்கெளுத்தியும் பெட்டி பெட்டியாக ஏற்றினேன். நெரவி வாய்க்கால் பாலத்தில் ஏறும்போது என்னையறியாமல் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தேன். வண்டி ஒரு அமுங்கு அமுங்கி, அழகாக நிமிர்ந்து, அந்தப் பக்கம் இறங்கியது. யாரும் இல்லாத ரோட்டில் ஹாரனை ஓங்கி அடித்தேன்.

அம்பகரத்தூர் ரோட்டில் ஒரு நிறுத்தத்தில் எங்கள் தெருக்காரி ஒருத்தி அன்னக்கூடையோடு நின்றாள். அவளை ஏற்றாமல் பஸ் அப்போதுதான் புழுதியைக் கிளப்பிக்கொண்டு கிளம்பியிருந்தது. நான் அவள் பக்கத்தில் வண்டியை நிறுத்தினேன்.

"ஒன் வண்டிய இரும்புக்குப் போட்டுட்டாங்கன்னு சொன்னாங்களே!" என்றாள்.

"சொல்லுவாங்க, சொல்லுவாங்க" என்றேன். இறங்கிப் போய், அவள் கூடையை இரண்டு கையாலும் நன்றாகத் தழுவித் தூக்கி என் பெட்டிகளுக்கு நடுவில் வைத்தேன். முன் கதவைத் திறந்துவிட்டேன்.

"ஏறு."